கொள்ளுத்தாத்தாவின் கோர்ட்டுக் கட்டைப் பிரித்துப் படிப்பது எப்படி

ரெக்கார்டு ரூமில் பழைய கட்டு ஒன்றைத் தேடி வருகிறவர்கள் முதலில் புரட்டுவது ஜட்ஜ்மென்டைத்தான். யார் ஜெயித்தது என்று தெரிந்ததும் பாதிப் பேர் கட்டை மூடிவிடுவார்கள். முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுபவளாகச் சேர்ந்து ரெக்கார்டு கீப்பராக ஓய்வு பெற்றவள் நான். முப்பத்தொரு வருஷம் இதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவே இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சிவில் கேஸில் தீர்ப்பு நடுப்பக்கம்தான். குடும்பத்துக்கு நேர்ந்ததெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற ஈ.பி. காகிதங்களில், அதாவது டிக்ரியை (தீர்ப்பின்படி கோர்ட்டு எழுதித் தருகிற உத்தரவு) நிறைவேற்றச் சொல்லிப் போடுகிற மனுக்களில் இருக்கிறது. டிக்ரி கையில் வந்த பிறகுதான் இந்திய வழக்காளிக்குக் கஷ்டமே ஆரம்பிக்கிறது என்று, அன்றைக்கு லண்டனில் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வீட்டுக் கட்டையே எடுத்துக்கொள்கிறேன். என் அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவர்) அப்பா, அம்மாயி கல்யாணத்துக்காக 250 ரூபாய் புரோநோட்டுக் கடன் வாங்கினார். கடைசியில் 3 மா நஞ்சை போனது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் 20 மா ஒரு வேலி. 3 மா என்பது ஒரு ஏக்கர் போல. ‘ராத்திரியோடு ராத்திரியாக நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான்’ என்றுதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். டிரங்குப் பெட்டியில் வக்கீல் திருப்பிக் கொடுத்த கட்டு இருந்தது. அதைப் பிரித்துப் படிக்க யாருக்கும் தெரியவில்லை. நான் வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்துத்தான் எனக்கே படிக்க வந்தது.

முதல் வேலை, கேஸ் எந்தக் கோர்ட்டில் நடந்தது என்று கண்டுபிடிப்பது. சென்னை ராஜதானியில் ஜில்லா முன்சீப் என்ற பதவி 1816-ம் வருஷத்து ரெகுலேஷனில் வந்தது. பிறகு 1873-ம் வருஷத்துச் சென்னை சிவில் கோர்ட்டுகள் சட்டம் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. வழக்கின் மதிப்பு 2,500 ரூபாய் வரை ஜில்லா முன்சீப். அதற்கு மேல் சப்-ஜட்ஜ் அல்லது ஜில்லா ஜட்ஜ். முன்சீப் தீர்ப்பு மேல் அப்பீல் ஜில்லா கோர்ட்டுக்கு. அங்கேயும் தோற்றால் சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் ஹைகோர்ட்டுக்கு இரண்டாவது அப்பீல். சென்னை ஹைகோர்ட் 1862-ல் வந்தது. அதற்கு முன்னால் நடந்த கேஸ் என்றால் மேல் அப்பீல் காகிதத்தில் சதர் அதாலத் என்று, அன்றைய மேல் கோர்ட்டின் பேர் இருக்கும். ஊர்க்காட்டுக் கடன், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் பெரும்பாலும் முன்சீப் கோர்ட்டுதான். அதனால் தேடலை அங்கே ஆரம்பியுங்கள்.

அப்புறம் நம்பர். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு. எஸ்.சி. என்றால் ஸ்மால்காஸ், சின்னத் தொகைக்குச் சுருக்கமாக நடத்தி முடிக்கிற கேஸ். அதில் சாட்சியத்தை விரிவாக எழுத மாட்டார்கள், தீர்ப்பும் நாலு வரி, அப்பீலும் கிடையாது. ஸ்மால்காஸ் கட்டு மெல்லிசாக இருந்தால் காகிதம் தொலைந்துபோனது என்று நினைக்க வேண்டாம். ஏ.எஸ். அப்பீல். எஸ்.ஏ. இரண்டாவது அப்பீல். ஐ.ஏ. நடுவில் போடுகிற மனு. இந்த நம்பர்கள் எல்லாம் ஜனவரிக்கு ஜனவரி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே வருஷம் இல்லாத நம்பரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் கேஸ் 1911-ம் வருஷத்து ஓ.எஸ். 214.

நம்பர் கிடைத்ததும் கட்டைக் கேட்காதீர்கள். சூட் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். பழைய கட்டுகளைக் குறிப்பிட்ட வருஷம் ஆனதும் அழிக்கச் சட்டமே இருக்கிறது. பிராது (வாதி வழக்குப் போடுகிற மனு), மற்ற மனு, சம்மன் எல்லாம் போய்விட்டிருக்கலாம். சூட் ரிஜிஸ்டரும் ஜட்ஜ்மென்டும் டிக்ரியும்தான் காலத்துக்கும் வைத்திருப்பவை. பெரிய பைண்டு புத்தகம் அது. விரித்தால் இரண்டு பக்கம் முழுக்க ஒரு கேஸின் வரிசை ஓடும். இடது ஓரத்தில் பிராது தாக்கலான தேதி, வாதி பேர், ஊர், பிரதிவாதி பேர், என்ன கேட்டது, எவ்வளவு, வழக்கு மூலம் எப்போது உண்டானது. நடுவில் ஆஜராக வேண்டிய தேதி, தீர்ப்புத் தேதி, யாருக்குச் சாதகம். பிறகு அப்பீல். வலது பக்கம் பூராவும் நிறைவேற்றம்: மனுத் தேதி, யார் மேல், எதற்கு, எவ்வளவு கட்டினார், கைது உண்டா. இந்த வலது பக்கத்தை முதலில் படியுங்கள். கட்டங்கள் காலியாக இருந்தால் டிக்ரி காகிதத்தோடு நின்றுவிட்டது, அல்லது வெளியில் பேசி முடித்துக்கொண்டார்கள். நிறைந்து வழிந்து ஓரத்திலும் சிவப்பு மசியில் எழுதியிருந்தால், உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டிய கேஸ்.

நகல் கேட்கிற மனுவில் வழக்கு நம்பர், வருஷம், வாதி பிரதிவாதி பேர், எந்தக் காகிதம் என்று தெளிவாக எழுதுங்கள். நீங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை என்பதால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டும். இன்னார் பேத்தி, இன்னார் பேரன் என்று உறவை அதில் சொல்லிவிடுங்கள்.

இனி பிராது. தமிழில் எழுதிய பழைய பிராதைக் கண்டு பயந்துபோகிறார்கள். பயம் முழுக்கச் சுழிகளால்தான். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௸ என்றால் மேற்படி. வாசிக்கும்போது ‘ஷை’ என்பார்கள். ௹ ரூபாய். இந்த ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். எண்கள் இன்னும் கொஞ்சம் சிரமம், ஏனென்றால் அவை எழுத்து மாதிரியே இருக்கும். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல. பத்துக்கு ௰, அது ய மாதிரி. ‘யஅ’ என்று எங்கேயாவது தெரிந்தால் அது பதினெட்டு. எங்கள் புரோநோட்டின் தலைப்பில் ‘கீலக௵ ஆவணி௴ ௰௮௳’ என்று இருந்தது. கீலக ஆவணி பதினெட்டு. இங்கிலீஷ் தேதிக்கு 1908 செப்டம்பர் 2.

தமிழ் வருஷத்தை மாற்ற ஒரே ஒரு கணக்கு. பிரபவ என்ற முதல் வருஷம் 1867 சித்திரையிலும் 1927 சித்திரையிலும் பிறந்தது. அங்கிருந்து விரல் விட்டு எண்ணுங்கள். கீலக 42-வது, 1867-லிருந்து 41 வருஷம் தள்ளினால் 1908. பசலி (ஜூலையில் ஆரம்பிக்கிற வருவாய்க் கணக்கு வருஷம்) என்று போட்டிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை.

தேதியில் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கச் சொல்கிறேன் என்றால், அந்தக் கோர்ட்டு தேதியில்தான் ஓடியது. புரோநோட்டுக்குக் காலவரம்பு 3 வருஷம். எங்கள் நோட்டு 1908 செப்டம்பர் 2. பிராது தாக்கலானது 1911 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. ஐந்து நாள்தான் பாக்கி. இதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. கடன் கொடுத்தவர் நல்லவரோ கெட்டவரோ, கடைசி வாரம் வரைக்கும் காத்திருந்திருக்கிறார். உங்கள் கட்டிலும் கடன் தேதிக்கும் பிராது தேதிக்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று முதலில் கழித்துப் பாருங்கள். ஆறே மாதத்தில் பிராது என்றால் ஏதோ பகை இருந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு நாலு நாள் இருக்கையில் என்றால் வேறு வழியில்லாமல் வந்தது.

பணத்தை அணா பையில் படிக்க வேண்டும். 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். 315-10-0 என்றால் 315 ரூபாய் 10 அணா. எங்கள் பிராதில் வட்டி 100-க்கு மாதம் 12 அணா. 250-க்கு மாதம் 1 ரூபாய் 14 அணா. 35 மாதத்துக்கு 65-10-0. அசலோடு சேர்த்தால் 315-10-0. இதற்குக் கோர்ட்டு ஸ்டாம்பு எவ்வளவு ஒட்டினார்கள் என்று மேலே பாருங்கள். 1870-ம் வருஷத்துக் கோர்ட்டு பீஸ் சட்டப்படி முதல் நூறுக்கு 7-8-0, அதற்கு மேல் ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 12 அணா. மீதி 215 சொச்சத்துக்கு 22 பத்துகள், 16-8-0. ஆக 24 ரூபாய். எங்கள் பிராதிலும் சரியாக 24 ரூபாய் ஸ்டாம்புதான். இந்தக் கணக்கு உங்களுக்கு எங்கே உதவும் என்றால், பிராதில் தொகை இருந்த இடம் கிழிந்துபோயிருந்தாலும் ஸ்டாம்பை வைத்துத் தொகையைச் சுமாராகப் பிடித்துவிடலாம். 1922-ல் சென்னையில் கட்டணத்தைக் கூட்டிவிட்டார்கள். ஆகவே அதற்கு முந்தைய கேஸுகளுக்கே இந்தக் கணக்கு.

பிராதுக்கு அப்புறம் வருவது சம்மனும் வாய்தாவும். கட்டில் ‘பி டைரி’ என்று ஒரு தாள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்தது அதில் ஒரு வரி, ஒன்றரை வரியாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ள அந்தக் கோர்ட்டின் ஒரு நாளை மனதில் கொண்டுவர வேண்டும். காலையில் அன்றைய கேஸ் பட்டியல் வெளியே பலகையில் ஒட்டப்படும். முன்சீப் மேடைக்கு வந்து உட்கார்ந்ததும் புதுப் பிராது, மனு, அவசர உத்தரவு இவை முதலில். பிறகு ஒவ்வொரு கேஸாக அழைப்பு. டபேதார் வாசலில் நின்று வாதி பேரையும் பிரதிவாதி பேரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். ‘மூன்று தரம் கூப்பிட்டும் ஆஜராகவில்லை’ என்ற வரி இந்தக் கூப்பாட்டைத்தான் சொல்கிறது. வாதி வராவிட்டால் கேஸ் தள்ளுபடி. பிரதிவாதி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, ஒருதலையாக முடிவு. மரத்தடியில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்த குடியானவர் அந்தக் கூப்பாடு காதில் விழாததால் நிலத்தை இழந்ததும் உண்டு. அதனால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி என்று பார்த்தவுடன் நம் ஆள் பயந்து ஓடிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அதன் பின்னாலேயே டிக்ரியை ரத்து செய்யச் சொல்லி ஒரு ஐ.ஏ. இருக்கிறதா, அதில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சம்மனின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கோர்ட்டுச் சேவகர் சம்மனை எப்படிச் சார்வு செய்தார், அதாவது கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று அங்கே எழுதியிருப்பார். எங்கள் முதல் சம்மனின் பின்னால் ‘பிரதிவாதி ஊரில் இல்லை, வெளிக்கதவில் ஒட்டினேன்’ என்று பென்சிலில் இருக்கிறது. கீழே இரண்டு அக்கம்பக்கத்தார் சாட்சி. ஒருவர் கையெழுத்து, ஒருவர் கீறல். வாய்தா அக்டோபர் 16. அன்றைக்கு அவர் வரவில்லை. கோர்ட்டு மறு சம்மன் அனுப்பி நவம்பர் 20-க்குப் போட்டது. அதில் வந்து வக்கீல் வைத்திருக்கிறார். வக்காலத்து நாமா கட்டில் இருக்கிறது. டிசம்பர் 11-ல் இஸ்யூ போட்டார்கள், அதாவது கோர்ட்டு தீர்மானிக்க வேண்டிய கேள்விகளைப் பிரித்து எழுதினார்கள். எங்கள் கேஸில் இரண்டே இஸ்யூ. புரோநோட்டு உண்மையா? 40 ரூபாய் திருப்பிக் கொடுத்தது உண்மையா? கட்டு எவ்வளவு பருமனாக இருந்தாலும் இஸ்யூ தாள் ஒன்றைப் படித்தால் சண்டை எதைப் பற்றி என்று தெரிந்துவிடும்.

ஆவணங்களின் அடையாளத்தில் ஒரு கண்ணி உண்டு. அதில் நானே விழுந்தேன். பழைய சென்னை ராஜதானிக் கட்டுகளில் வாதி தரப்பு ஆவணங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து: ஏ, பி, சி. பிரதிவாதி தரப்புக்கு ரோமன் எண். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு நகலில் இரண்டு நேர்கோடு போட்டிருந்ததைப் பார்த்து 11 என்று எழுதிவிட்டேன். அது பிரதிவாதியின் இரண்டாவது ஆவணம். அன்றைக்கு ரெக்கார்டு கீப்பராக இருந்த பெரியவர் சிவப்பு மசியால் அடித்து, ‘அம்மா, இந்த ஒரு கோட்டால் ரசீது இல்லாத ஒருத்தனுக்கு ஒன்பது ரசீது கொடுத்துவிட்டாய்’ என்றார். அதற்கப்புறம் ஒரு கோடு, இரண்டு கோடு எதையும் நான் அவசரமாகப் படித்ததில்லை. இப்போதெல்லாம் ஏ-1, பி-1 என்று போடுகிற முறை பின்னால் வந்தது.

சாட்சி வாக்குமூலம் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். சாட்சி தமிழில் சொன்னதை முன்சீப் தன் கையாலேயே இங்கிலீஷில் எழுதியிருப்பது சகஜம். தலைப்பில் பேர், தகப்பன் பேர், ஜாதி, வயது, தொழில், ஊர். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியே பொக்கிஷம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வயது 1912-ல் 46 என்று எனக்குத் தெரிந்தது இந்த வரியால்தான். கேள்வி பதிலாக எழுத மாட்டார்கள், பதிலை மட்டும் கோத்துக் கதை மாதிரி எழுதுவார்கள். கேள்வியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறுக்கு விசாரணைப் பகுதியில் ‘இல்லை’ என்று முடிகிற வரிகளை அடிக்கோடு போடுங்கள். ‘மாசியில் களத்துமேட்டில் 40 ரூபாய் நான் வாங்கியது இல்லை’ என்று வாதி சொன்னதாக எங்கள் கட்டில் இருக்கிறது. வாதி தானாக இதைச் சொல்லியிருக்க மாட்டார். எதிர் வக்கீல், ‘மாசியில் களத்துமேட்டில் 40 ரூபாய் வாங்கினீர்கள் அல்லவா?’ என்று கேட்டிருக்கிறார். கொள்ளுத்தாத்தா சொன்ன கதை, அவருடைய எதிரியின் மறுப்புக்குள்ளே இப்படி உட்கார்ந்திருக்கிறது. ரசீது இல்லாத 40 ரூபாய். கோர்ட்டு அதை நம்பவில்லை. 1912 மார்ச் 14-ல் முழுத் தொகைக்கும் டிக்ரி ஆகிவிட்டது.

டிக்ரி நகலின் பின்னால் ஐந்து தேதிகள் இருக்கும்: நகல் மனுப் போட்டது, ஸ்டாம்பு கேட்டது, ஸ்டாம்பு கட்டியது, நகல் தயாரானது, நகல் கொடுத்தது. வெறும் ஆபீஸ் முத்திரை என்று நினைத்து இதை யாரும் படிப்பதில்லை. நான் முப்பத்தொரு வருஷம் நிரப்பிய கட்டங்கள் இவை. ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 30 நாள். நகல் எடுக்க ஆன நாளை அதில் கழித்துவிடலாம். எங்கள் நகலில் மனு மார்ச் 16, தயாரானது மார்ச் 29, 14 நாள். தீர்ப்பிலிருந்து 30 நாள் ஏப்ரல் 13-ல் முடிகிறது. 14 நாள் கூட்டினால் ஏப்ரல் 27. அப்பீல் தாக்கல் ஏப்ரல் 26. ஸ்டாம்பு கட்டக் கட்சிக்காரர் தாமதித்த நாள் கணக்கில் வராது, அதனால்தான் நடுவில் இருக்கிற இரண்டு தேதிகளும் முக்கியம். கடைசி நாள் கோடை விடுமுறைக்குள் விழுந்தால் கோர்ட்டு திறக்கிற முதல் நாள் போதும். ஜூன் ஜூலையில் தாக்கலான அப்பீலைப் பார்த்துக் காலம் தாண்டிவிட்டது என்று சொல்வதற்கு முன் இதைக் கவனியுங்கள். எங்கள் அப்பீல் 1913 செப்டம்பர் 10-ல் தள்ளுபடியானது.

சரி, இப்போது ஈ.பி. இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி டிக்ரிக்கு ஆயுள் 12 வருஷம். ஆனால் நடுவில் தூங்கிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு நிறைவேற்று மனுவைப் போட்ட தேதியிலிருந்து, அல்லது நிறைவேற்றத்துக்காகக் கோர்ட்டைக் கடைசியாக ஏதாவது கேட்ட தேதியிலிருந்து, 3 வருஷத்துக்குள் அடுத்த மனுவைப் போட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் டிக்ரி செத்துவிடும். இந்த ஒரு விதி தெரிந்தால் பழைய கட்டில் ஒரே மாதிரி மனு மூன்று நாலு ஏன் இருக்கிறது என்பது விளங்கிவிடும். தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எங்கள் கேஸில் முதல் ஈ.பி. 1914 மார்ச் 6-ல், ஆளைக் கைது செய்யக் கேட்டது. அது தள்ளுபடி. இரண்டாவது 1917 பிப்ரவரி 26; மூன்று வருஷம் முடிய எட்டு நாள் இருக்கையில். வீட்டுச் சாமானை ஜப்தி செய்யக் கேட்டது. அதில் கடைசியாகக் கோர்ட்டைக் கேட்டது ஜூலை 20-ல். மூன்றாவது 1920 ஜூலை 12. மறுபடியும் எட்டு நாள். இது நிலத்துக்கு.

கைது மனு ஏன் தள்ளுபடி? ‘பேட்டா கட்டவில்லை’ என்று ஒரே வரி. கடனாளியைச் சிவில் ஜெயிலில் வைத்தால் அவருக்குச் சாப்பாட்டுப் பணத்தைக் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். பல கைது மனுக்கள் இப்படித்தான் மிரட்டலோடு நின்றுபோயின. சூரியன் அஸ்தமித்த பிறகு கைது செய்ய வீட்டுக்குள் நுழையக் கூடாது, பணக் கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்றும் சட்டத்தில் இருந்தது. வீட்டில் பாட்டனாரை ஜெயிலில் போட்டார்கள் என்று கதை இருந்தால் ரிஜிஸ்டரில் கைதுக் கட்டத்தைப் பாருங்கள். எங்களுடையதில் அந்தக் கட்டம் காலி.

ஜப்தி மனுவோடு, ஜப்தி செய்யப் போன கோர்ட்டு ஊழியரான அமீனாவின் பட்டியல் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் படிக்க வேண்டும். உடுத்துகிற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, உழவு மாடு, ஏர், விதைநெல், தாலி இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. எங்கள் பட்டியல் நாலே வரி: பித்தளைக் குத்துவிளக்கு 2, மரப்பெட்டி 1, கடப்பாரை 1, சங்கிலியோடு ஊஞ்சல் பலகை 1. அம்மாயி கடைசிக் காலம் வரைக்கும் ஊஞ்சலில் உட்கார மாட்டார். காரணம் கேட்டால் சொல்லவும் மாட்டார். எனக்கு அந்தத் தாளைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. ஏலத்தில் எல்லாம் சேர்த்து 18 ரூபாய் போனது.

அந்தக் காலத்தில் நிலம் ஏலம் போன காகிதங்களில் வரிசை மாறாது. முதலில் ஜப்தி உத்தரவு. நிலத்தில் தமுக்கடித்து, நிலத்திலும் கோர்ட்டிலும் ஒட்டி, தீர்வை கட்டுகிற நிலமானதால் கலெக்டர் கச்சேரியிலும் ஒட்டுவார்கள். பிறகு ஏல அறிவிப்பு. ஒட்டி 30 நாளாவது கழிந்த பிறகே ஏலம். ஏலம் எடுத்தவர் அந்த இடத்திலேயே கால்பங்கைக் கட்டி, மீதியை 15 நாளில் கட்ட வேண்டும். அதற்கப்புறமும் கடனாளிக்கு 30 நாள் வாசல் திறந்திருக்கும். கடன் தொகையையும் ஏலத் தொகையில் நூற்றுக்கு 5-ஐயும் கட்டினால் ஏலம் ரத்து. அந்த 30 நாளில் யாராவது மனுப் போட்டார்களா என்று தேடுங்கள். எங்கள் ஏலம் 1921 ஜனவரி 17, ஊர்ஜிதம் பிப்ரவரி 21. நடுவில் மனு எதுவும் இல்லை. ஊர்ஜிதமானதும் விற்பனைச் சர்ட்டிபிகேட். நிலத்தின் மூலப் பத்திரம் தேடுகிறவர்களுக்கு வேண்டியது இதுதான், டிக்ரி இல்லை.

சர்ட்டிபிகேட்டின் சொத்து விவரத்தில் ஒரு இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்றால் வாய்க்கால் நம் நிலத்துக்குத் தெற்கில் இல்லை. நம் நிலம் வாய்க்காலுக்குத் தெற்கில் இருக்கிறது, ஆகவே வாய்க்கால் நமக்கு வடக்கெல்லை. நாலு எல்லையையும் இப்படித் திருப்பி ஒரு கட்டம் வரைந்து பாருங்கள். திருப்பாமல் வரைந்து, பக்கத்துக்காரர் நிலத்தில் போய் நின்று சண்டை போட்டவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிராதிலிருந்து ஊர்ஜிதம் வரை கூட்டினால் ஒன்பதரை வருஷம். ராத்திரியோடு ராத்திரியாக எதுவும் நடக்கவில்லை. அத்தனை வருஷம் அந்த மனுஷர் ஒவ்வொரு தாளுக்கும் பயந்துகொண்டே அந்த 3 மாவை நட்டு அறுத்திருக்கிறார்.

கடைசியாகத் தேட வேண்டியது செக் மனு. ஏலத் தொகை கடனுக்கு மேல் வந்திருந்தால் மீதி கோர்ட்டு டிபாசிட்டில் கடனாளி பேரில் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும், கேட்காமல் விட்டவர்கள் உண்டு. எங்கள் நிலம் 605 ரூபாய்க்கு ஏலம் போனது. டிக்ரி, வட்டி, அப்பீல் செலவு, ஈ.பி. செலவு எல்லாம் போக 71-4-0 மீதி. சூட் ரிஜிஸ்டரின் வலது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, 1921 ஜூனில் அந்தப் பணம் பிரதிவாதிக்குக் கொடுபட்டதாக ஒரு குறிப்பு இருக்கிறது. மனுவின் நகல் கட்டில் அடித்தாளாக இருந்தது. கீழே ‘இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுதி, பக்கத்தில் ‘அடையாளம் தெரிந்தவர்’ என்ற இடத்தில் ஒரு பேர். அம்மாயியின் புருஷன், என் தாத்தாவின் பேர். அந்தக் கல்யாணத்துக்காகத்தான் 250 ரூபாய் வாங்கினார்.